பவானி சிங் யாருடைய வழக்கறிஞர்?

ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கின் கணக்குகள் பலருக்கும் மறந்துவிட்டன. அதில் அரசுத் தரப்புக்கு நின்ற சிறப்பு வழக்கறிஞர் பவானி சிங்கைப் பற்றிய கதைகள் மட்டும் மறக்கவில்லை. அவற்றில் எது நிற்கும், எது நிற்காது?

முதல் கதை: “குற்றம்சாட்டப்பட்டவரே, எனக்கு எதிராக வாதாடும் வக்கீலை மாற்றாதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் போனார்.” இட்டுக்கட்டியதுபோல் இருந்தாலும் இது உண்மை. தி.மு.க.வின் அன்பழகன் தொடுத்த மனுவால் 2003-ல் வழக்கு பெங்களூருக்கு மாறியது. அங்கே அதை நடத்திவந்த பி.வி. ஆச்சார்யா 2012-ல் விலகினார். 2013 பிப்ரவரியில் பவானி சிங் வந்தார். அதே ஆண்டில் கர்நாடக அரசு அவரை விலக்க, ஜெயலலிதா வழக்குப் போட்டார். செப்டம்பர் 30 அன்று விலக்கல் ஆணையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 2014 செப்டம்பர் 27 அன்று நீதிபதி குன்ஹா நான்காண்டு சிறையும் நூறு கோடி அபராதமும் விதித்தபோது அரசுத் தரப்பில் இருந்தவரும் இதே பவானி சிங்தான். வழக்கையே அவர் கவிழ்த்துவிட்டார் என்பவர்கள் இந்தத் தீர்ப்பை எங்கே வைப்பார்கள்?

இரண்டாவது கதை, அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று நடந்தது. ஜாமீன் மனுவுக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்திருந்த பவானி சிங், கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நிபந்தனை ஜாமீனுக்கு ஆட்சேபம் இல்லை என்று வாய்மொழியாகச் சொன்னார். அவ்வளவுதான், ‘ஜாமீன் கிடைத்தது’ என்று தொலைக்காட்சிகளில் செய்தி ஓடியது. தொண்டர்கள் கொண்டாட்டத்தில் இறங்கிவிட்டார்கள். நீதிபதி சந்திரசேகராவோ மனுவைத் தள்ளுபடி செய்தார். அரசு வழக்கறிஞர் தலையாட்டினால் நீதிபதியும் தலையாட்டியாக வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அன்று ஏமாந்தது தொண்டர்கள் மட்டுமல்ல, செய்தி ஆசிரியர்களும்தான். பத்து நாள் கழித்து ஜாமீன் தந்தது உச்ச நீதிமன்றம்.

மூன்றாவது கதைதான் சிக்கலானது: “பவானி சிங் நியமனமே செல்லாது என்று ஆகிவிட்டதால், மேல்முறையீட்டு விசாரணையும் செல்லாமல் போனது.” இதில் பாதிதான் சரி. ஓ. பன்னீர்செல்வம் முதல்வராகப் பதவியேற்ற 2014 செப்டம்பர் 29 அன்றே, மேல்முறையீட்டுக்கு பவானி சிங்கைத் தமிழக அரசு நியமித்தது. தண்டிக்கப்பட்டவரின் கட்சி ஆளும் அரசு, அவருக்கு எதிராக வாதாட ஆள் போடுவது எப்படி என்று அன்பழகன் மீண்டும் நீதிமன்றம் போனார். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் மதன் லோகூரும் பானுமதியும் இருவேறு தீர்ப்பு எழுத, மூன்று நீதிபதிகள் அமர்வுக்குப் போனது விவகாரம். 2015 ஏப்ரல் 27 அன்று பதில் வந்தது. வழக்கு மாற்றப்பட்டபின் வழக்கறிஞரை நியமிக்கும் அதிகாரம் கர்நாடகத்துக்கே. தமிழக அரசின் நியமனம் சட்டப்படி தவறு. ஆனால் மறுவிசாரணை தேவையில்லை. அன்பழகனும் கர்நாடக அரசும் மறுநாளுக்குள் எழுத்துபூர்வ வாதம் கொடுக்கலாம். என் பார்வையில் இது அரைகுறை மருந்து. வாதம் முழுவதும் செல்லாத நியமனத்தின் கீழ் நடந்திருக்கிறது, அதைச் சரிசெய்ய ஒரே ஒரு நாள்!

அந்த ஒரு நாளில் கர்நாடகத்துக்காக எழுதிக் கொடுத்தவர் மீண்டும் ஆச்சார்யா. மே 11 அன்று, மேல்முறையீட்டை விசாரித்த கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி குமாரசாமி, ஜெயலலிதா உட்பட எல்லோரையும் விடுவித்தார். வருமானத்தை மிஞ்சிய சொத்து 8.12 சதவீதம்தான் என்றது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் ஒரு கூட்டல் பிழை இருந்தது. “கூட்டல் பிழையைக் கண்டுபிடித்ததும் பவானி சிங்தான்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சுட்டிக்காட்டியவர் ஆச்சார்யா. தீர்ப்பில் பட்டியலிட்ட பத்துக் கடன்களைக் கூட்டினால் சுமார் 10.67 கோடி வருகிறது. தீர்ப்போ 24.17 கோடி என்று எழுதியிருந்தது. திருத்திப் போட்டால் சதவீதம் 76-ஐத் தாண்டும்.

விடுதலையை எதிர்த்த மேல்முறையீட்டில், 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் குன்ஹாவின் தீர்ப்பை மீட்டது. அதற்குள் ஜெயலலிதா காலமாகியிருந்ததால், அவர்மீதான மேல்முறையீடு அற்றுப்போயிருந்தது.