இரவு இரண்டு மணி ஜமாபந்தி

கரிசலில் ஒரு கண்ணாடி இழை – 9

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் சாலையில் ஒரு சித்திரை மாதப் பிற்பகல். இழை இணைக்கும் தம்பி ஒருவரும் நானும் இரண்டு மணி நேரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிறோம். மேலே கம்பம் கம்பமாகத் தாவிப் போகிறது கருப்பு கேபிள். அதற்குள் எங்கோ இழை முறிந்திருக்கிறது. கீழிருந்து பார்த்தால் தெரியாது. எந்த நிறுவனத்தின் கேபிள் என்பது இங்கே வேண்டாம். யாருடையதாக இருந்தாலும் கதை இதுதான்.

தம்பியின் கையில் ஓடிடிஆர். இழையின் ஒரு முனையில் ஒளித்துடிப்பை அனுப்பி, அது மோதித் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லும். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்ப, நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரம். திருச்சுழி முனையில் வைத்து அளந்தபோது கருவி காட்டிய எண் 6,420 மீட்டர்.

இந்த 6,420 இழையின் நீளம். சாலையின் நீளம் வேறு. பின்னால் பழுது பார்க்க உதவும் என்று ஆங்காங்கே கம்பத்தில் கேபிளைச் சுருட்டிக் கட்டி வைப்பார்கள். ‘லூப்’ என்று பெயர். ஒளி அந்தச் சுருளையும் சுற்றிவிட்டுத்தான் மேலே போகும். எங்களிடம் இருந்த வரைபடத்தில் நான்கு லூப், ஒவ்வொன்றும் 20 மீட்டர். 80-ஐக் கழித்தால் 6,340. அந்த இடத்துக் கம்பத்தில் ஏறிப் பார்த்தார் தம்பி. கேபிளில் ஒரு கீறல்கூட இல்லை. கருவிதான் கொஞ்சம் முன்பின் காட்டுகிறது என்று நினைத்து, நரிக்குடிப் பக்கமாகவே இன்னும் பத்துக் கம்பம் ஏறி இறங்கினார்.

வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களை வெகுநேரம் வேடிக்கை பார்த்துவிட்டுக் கேட்டார்: “மேல என்னத்த தம்பி தேடுறீக?”

சொன்னோம்.

“போன ஐப்பசி மழையில கம்பம் சாஞ்சிருச்சுன்னு மாத்துனாகளே. அப்ப வயரையும் வெட்டி ஒட்டுனாக. கம்மாய் மடைக்கிட்டப் போயிப் பாருங்க, ஒரு டப்பா தொங்கும்.”

தொங்கியது. வரைபடத்தில் இல்லாத ஜாயின்ட் பாக்ஸ். மூடியைச் சரியாக அடைக்கவில்லை. உள்ளே எறும்புப் புற்று மண்ணும் முறிந்த இழையும். வழியில் லூப்களை எண்ணிக்கொண்டே வந்தோம். நான்கு இல்லை, ஏழு. எழுதாமல் விட்ட மூன்று லூப்பின் 60 மீட்டர்தான் எங்களை வெயிலில் அலையவிட்டது.

இதில் பொய்க்கணக்கு எழுதியவர் யாரும் இல்லை. ஐப்பசி மழையில், ராத்திரி ஒரு மணிக்கு, தலையில் டார்ச் கட்டிக்கொண்டு இழையை ஒட்டியவரை நினைத்துப் பாருங்கள். ஒளி மறுபக்கம் போய்ச் சேர்ந்ததும் மேலிடத்திலிருந்து போன் வரும்: “லைன் வந்துருச்சு. நீங்க உடனே பந்தல்குடி கிளம்புங்க.” நோட்டு ஜீப்பிலேயே கிடக்கும். ஆவணம் கெட்டுப்போவது இப்படித்தான், ஒரு ராத்திரிக்கு 20 மீட்டராக.

எங்கள் பக்கத்து மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் கால் உள்ளே போகிற அளவுக்கு வெடிக்கும். வருடத்துக்கு ஒரு முறை இப்படி மூச்சு வாங்கி விடுகிற மண்ணில் கம்பம் எத்தனை நாள் நேராக நிற்கும்? சாய்ந்ததை மின்வாரியம் மாற்றும். புதுக் கம்பத்தில் பழைய எண் இருக்காது. இருந்தாலும் சீமைக் கருவேலம் சுற்றி வளர்ந்து, எண்ணைப் படிக்க அரிவாளோடு போகவேண்டியிருக்கும். ஊராட்சிகளுக்கு இழை வழியாக இணையம் கொண்டுபோகும் பாரத்நெட் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தைத் தமிழ்நாட்டில் மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் எடுத்துச் செய்கிறது. 12,525 ஊராட்சிகள், அதில் விருதுநகர் மாவட்டத்துக்கு 450. கேபிளில் 85 விழுக்காடு மின்கம்பங்கள் வழியாக, 15 விழுக்காடு தரைக்கு அடியில் என்பது திட்டம். அதாவது நம் ஊர் இணையத்தின் முகவரி பெரும்பாலும் ஒரு மின்கம்பத்தின் எண்.

இத்தனை ஊராட்சிக்கும் ஆளை அனுப்பிக் கணக்குச் சரிபார்க்க முடியுமா? வருவாய்த்துறை இந்தக் கேள்விக்கு எப்போதோ ஒரு பதில் வைத்திருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு இருக்கும். இன்ன சர்வே எண், இவ்வளவு பரப்பு, நஞ்சை, இன்னார் பெயர். கூடவே அடங்கல் இருக்கும். இந்தப் பசலியில், அதாவது வருவாய்க் கணக்கு ஆண்டில், அங்கே உண்மையில் என்ன விளைந்தது என்பது அதில். அ-பதிவேட்டில் நஞ்சை என்று இருக்கும், அடங்கலுக்காக நேரில் போனால் கருவேலங்காடு நிற்கும். அருப்புக்கோட்டை, திருச்சுழித் தாலுகாக்களில் இதைப் பார்க்காதவர் உண்டா? இரண்டையும் வருடத்துக்கு ஒரு முறை, ஜூன் 30-ல் பசலி முடிவதை ஒட்டித் தாலுகா அலுவலகத்தில் பரப்பி வைத்துப் பார்ப்பதுதான் ஜமாபந்தி.

தொலைத்தொடர்பில் தானியங்கித் தணிக்கை என்பது இந்த ஜமாபந்தியைத் தினமும் நடத்துவது. பெரும்பாலும் கூட்டம் குறைந்த பின்னிரவில். ஒரு கையில் ஆவணத் தளம், அதாவது அ-பதிவேடு. இன்னொரு கையில் அடங்கல்; அதை ஆள் எழுதுவதில்லை, கருவிகளே சொல்கின்றன. ஒவ்வொரு ரவுட்டரையும் நிரல் கூப்பிட்டு விசாரிக்கும்: உன் வரிசை எண் என்ன, எத்தனை போர்ட் உயிரோடு இருக்கிறது, கடைசியாக எப்போது அணைந்து எழுந்தாய்? இதற்கான எஸ்என்எம்பி என்ற பேச்சுமுறை 1988-லேயே வந்துவிட்டது. எல்எல்டிபி என்று இன்னொன்று. அது வழியாகக் கருவிகள் பக்கத்து வீடு யார் என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும்.

இந்தப் பக்கத்து வீட்டு விசாரணை எனக்குப் பிடித்தமானது. வளையமாகப் போகும் கேபிளில் ஒவ்வொரு ஊராட்சிக்கும் இரு புறமும் ஒரு அண்டை உண்டு. ஆவணப்படி பரளச்சியின் அண்டை ஓர் ஊர், பரளச்சி ரவுட்டர் சொல்வது வேறு ஊர் என்று வைத்துக்கொள்வோம். என்ன நடந்திருக்கும்? எங்கோ ஒரு ஜாயின்ட் பாக்ஸுக்குள் ஆரஞ்சு இழையைப் பச்சையோடு ஒட்டியிருப்பார்கள். இணையம் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். அடுத்த முறை கேபிள் அறுந்து, ஆவணத்தை நம்பி மாற்றுவழியில் திருப்பும்போதுதான் இரண்டு பக்கமும் சேர்ந்து படுக்கும். அதுவரை காத்திருக்காமல் முன்கூட்டியே பிடிக்கிறது தணிக்கை.

ஊர்ப் பெயர் ஒரு தனித் தலைவலி. ரமணர் பிறந்த திருச்சுழியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்துக்குப் பக்கத்தில் ‘எச்’ போடுபவர் உண்டு, போடாதவர் உண்டு. ‘ழி’க்கு ‘எல்’ போடுபவர் உண்டு, ‘இசட் எச்’ போடுபவர் உண்டு. நமக்கு ஓர் ஊர், கணினிக்கு நான்கு. ஒரே பெயரில் பல ஊராக இருக்கும் ரெட்டியபட்டிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒன்றிய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் ஒவ்வொரு ஊராட்சிக்கும் எல்ஜிடி என்று ஓர் எண் கொடுத்திருக்கிறது. பெயரை ஓரங்கட்டிவிட்டு அந்த எண்ணை வைத்துப் பொருத்தினாலே தணிக்கைப் பட்டியலின் வெட்டிச் சண்டைகள் பாதி அடங்கிவிடும்.

சரி, கேட்டால் பதில் சொல்கிற கருவிக்கு இது போதும். கேட்டாலும் பேசாத கேபிள், கம்பம், ஜாயின்ட் பாக்ஸ்? எங்களை அலையவிட்டது அந்த ஊமைக் கூட்டம்தானே.

ஒளியைச் சாட்சிக்கு அழைக்கலாம். நிலையத்திலேயே ஒரு ஓடிடிஆரை நிரந்தரமாகப் பொருத்தி, இரவுதோறும் இழையை அளக்கச் செய்யும் ஏற்பாடு உண்டு. அளந்த நீளம் ஒரு பக்கம். வரைபடத்தின் நீளத்தையும் எழுதிய லூப்களையும் கூட்டினால் வருவது இன்னொரு பக்கம். இரண்டும் டேலி ஆகவேண்டும். இழை கேபிளுக்குள் முறுக்கிப் போவதால் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அதைத் தள்ளிவிடலாம். நேற்று வரை ஒரே நீளம் காட்டிய இழை இன்று திடீரென்று 60 மீட்டர் வளர்ந்திருந்தால், யாரோ நடுவில் துண்டு போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டிய இடத்தில் ஒளி துளியளவு குறையும். அந்தச் சரிவும் வரைகோட்டில் ஒரு சின்னப் படிக்கட்டு போலத் தெரியும். ஆவணத்தில் அங்கே ஜாயின்ட் இல்லையென்றால், மறுநாள் காலை பத்து மணிக்கே ஐப்பசி மழையில் ஒட்டியவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அவருக்கும் அப்போது ஞாபகம் இருந்திருக்கும். ஆறு மாதம் கழித்து ஆட்டுக்காரப் பெரியவர் வரவேண்டிய அவசியம் இருந்திருக்காது.

நம் நாட்டுச் சோம்பல் இது என்று யாரும் அவசரப்பட வேண்டாம். அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, பெல் வழிவந்த தொலைபேசி நிறுவனங்களின் சொத்துப் பதிவேடுகளைத் தணிக்கை செய்து 1999-ல் அறிக்கை வெளியிட்டது. கணக்கில் இருந்த சுமார் 500 கோடி டாலர் மதிப்புள்ள கருவிகளை நேரில் உறுதிசெய்ய முடியவில்லை. நிறுவனங்கள் அந்தக் கணக்கை மறுத்தன. அவையும் ஏதோ பட்டிக்காட்டுக் கருவிகள் அல்ல, கதவு பூட்டிய தொலைபேசி நிலையங்களுக்குள் இருந்தவை.

தணிக்கை நிரல் எழுதுபவர்களுக்கு ஓர் ஆசை வரும். வேறுபாடு கண்டால் ஆவணத்தை உடனே கருவி சொல்வது போல மாற்றிவிடலாமே, ஆள் எதற்கு? எனக்கு இதில் உடன்பாடில்லை. ஓர் ஊராட்சிக்கு அனுப்பிய ரவுட்டர் இன்னோர் ஊராட்சியில் பேசுகிறது. ஆவணம் பழசாக இருக்கலாம். களத்தில் வேலை தப்பாகப் போயிருக்கலாம். கருவியே களவு போய் வேறிடத்தில் ஓடலாம். எது என்று நிரலுக்குத் தெரியாது. ஆவணத்தைத் தானாகத் திருத்தினால் களவும் கணக்கில் ஏறிச் சுத்தமாகிவிடும். கருவி பதில் சொல்லவில்லை என்பதற்காக நீக்கவும் கூடாது. ஊரில் ராத்திரி முழுக்க கரண்ட் இல்லாமல் யுபிஎஸ் தீர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஜமாபந்தியில் அதிகாரி கணக்கோடு நில அளவைச் சங்கிலியையும் வாங்கிப் பார்ப்பார். அளக்கிற சங்கிலி சரியா என்று பார்க்காமல் நிலத்தைக் குறை சொல்லக் கூடாது என்ற அந்த முறை நிரலுக்கும் பொருந்தும்.

ஆவணம் பிழையானால் நஷ்டம் நிறுவனத்துக்கு மட்டும் இல்லை. தோண்டும் முன் தகவல் சொல்வதற்கான ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலியை 2023 மார்ச் 22-ல் பிரதமர் தொடங்கிவைத்தார். கண்டபடி தோண்டுவதால் நாட்டுக்கு ஆண்டுதோறும் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று அப்போது அரசு சொன்னது. தோண்டுபவர் இடத்தைக் குறித்தால், அங்கே கேபிள் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். நல்ல ஏற்பாடு. ஆனால் கேபிள் சாலையின் கிழக்கே இருக்க, ஆவணத்தில் மேற்கே இருந்தால்? குடிநீர்க் குழாய் போட வந்த ஜேசிபி ஓட்டுநர் முறையாகக் கேட்டு, முறையாக அனுமதி வாங்கி, முறையாகவே கேபிளை அறுப்பார். அவர்மேல் வழக்குப் போடுவதில் நியாயமே இல்லை.

எத்தனை ஓடிடிஆர் வைத்தாலும் ஒளிக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. தான் எந்தக் கம்பத்தில் தொங்குகிறோம் என்று அதற்குத் தெரியாது. நீளம் மாறாமல் கம்பம் மட்டும் பத்தடி தள்ளி நட்டால், இரவு இரண்டு மணி ஜமாபந்தியில் அது வரவே வராது. அதை எழுதவேண்டியவர் ஏணியிலிருந்து இறங்கி நிற்கிற அந்த ஒருவர்தான். ஒட்டும்போதே கைப்பேசியில் கம்ப எண்ணோடு ஒரு படம், லூப் எத்தனை என்று ஓர் எண். இரண்டு நிமிட வேலை. இது முடியாமல் வேலை முடிந்ததாகப் பில் போடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் தணிக்கை நிரலுக்குப் பாதி வேலை குறையும்.

உங்கள் ஊரிலும் மழைக்குப் பிறகு கம்பம் மாற்றுவார்கள். அன்றைக்குக் கேபிளை ஒட்டிவிட்டு ஏணியை மடக்குகிற தம்பிக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள். கொடுக்கும்போது “எழுதிட்டியாப்பா?” என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

(தொடரும்)