விக்டோரியா ஹவுஸும் நம்மூர் கரண்டு கம்பெனியும்

கரண்டு விஷயம் என்றால் நமக்குத் தென்னூர் ஆபீஸ். கல்கத்தா வியாபாரிகளுக்கு தர்மதலாவில் உள்ள விக்டோரியா ஹவுஸ். உச்சியில் உலக உருண்டையுடன் நிற்கும் இந்தக் கட்டடம், கல்கத்தா மின்சார சப்ளை கார்ப்பரேஷனின் தலைமை அலுவலகம். 1933-இல் கம்பெனி இங்கு குடிவந்தது; இன்றும் இங்கேயே இருக்கிறது.

கம்பெனி பதிவானது லண்டனில். நகருக்கு விளக்குப் போடும் லைசென்ஸ் 1897-இல் கிடைத்தது, 21 வருடத்துக்கு. 1899 ஏப்ரலில் முதல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. வசூல் கல்கத்தாவில், முடிவு லண்டனில் என்றே வெகுகாலம் நடந்தது. நிர்வாகம் கல்கத்தாவுக்கு வந்து சேர 1970 ஆயிற்று! ஏஜென்சி எடுத்து, பம்பாய் ஹெட் ஆபீஸ் பதிலுக்காகக் காத்துக் கிடந்த நம் மொத்த வியாபாரிகளுக்கு இந்தச் சிரமம் சொல்லாமலே புரியும்.

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஆதியில் கம்பி இழுத்ததும் கம்பெனிதான். ஆனால் அது உள்ளூர்க் கம்பெனி. சேஷசாயி சகோதரர்கள் இங்கேயே இருந்து நடத்தினார்கள். பின்னாளில் மேட்டூர் கெமிக்கல்ஸ், ஆலுவாயில் உரத் தொழிற்சாலை என்று வளர்ந்தவர்கள் இவர்களே. குறை சொல்ல நம் முன்னோர் கப்பல் தபாலை நம்ப வேண்டியிருக்கவில்லை.

பிறகு ஏன் அந்தக் கம்பெனிப் பெயர்கள் இங்கே மறைந்தன? 1910-ஆம் வருட மின்சாரச் சட்டப்படி லைசென்ஸ் தவணை முடிந்தால் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும் உரிமை உண்டு. சென்னைக் கம்பெனியை 1947 ஆகஸ்டில் சர்க்கார் எடுத்தது. 1957 ஜூலை 1-இல் மின்சார வாரியம் பிறந்தது. மற்றக் கம்பெனிகளும் காலப்போக்கில் அதில் சேர்ந்தன. கல்கத்தா கம்பெனியோ தனியார் கையிலேயே தங்கிவிட்டது.

கம்பெனி போய் வாரியம் வந்தது; 2010-இல் வாரியமும் பிரிந்தது. இத்தனை கைமாறியும், பெரிய கடைவீதியில் பல பழைய கடைகளின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது. 2003-ஆம் வருடச் சட்டத்தின்படி நம் டெபாசிட் தொகைக்கு வங்கி விகிதத்துக்குக் குறையாத வட்டி உண்டு. இறந்தவர் பெயரில் இணைப்பு இருந்தால், கடையை விற்கும்போதோ பாகம் பிரிக்கும்போதோ அந்த டெபாசிட் யாருக்கு என்பதில்தான் தகராறு முளைக்கிறது. வாரிசுச் சான்றும் சொத்து வரி ரசீதும் கையில் இருக்கும்போதே பிரிவு அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.