பட்டியலை எழுதுவது யார்?

பெண்கள் அமைப்புகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு குறை காதில் விழும்: “ஆளுக்கொரு சங்கம், சங்கத்துக்கொரு தலைவி. இவர்களுக்குள் ஒற்றுமை எங்கே இருக்கிறது?” எல்லோரும் ஒரே தலைமையின் கீழ் வந்தால்தான் காரியம் நடக்கும் என்ற நம்பிக்கையில் எழும் குறை இது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பெண்கள் பெற்ற உரிமைகளின் வரலாற்றைப் புரட்டினால் அந்த நம்பிக்கைக்குப் பெரிய ஆதாரம் கிடைப்பதில்லை. பல தலைவிகள், பல சங்கங்கள், ஆனால் திட்டவட்டமான ஒரே கோரிக்கை என்று நின்றபோதுதான் இங்கே வெற்றி வந்திருக்கிறது. ஆகவே எத்தனை தலைவிகள் என்பதைவிட, கோரிக்கைப் பட்டியலை எழுதும் இடத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்வோம். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய போராட்டம் அது. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுவது, துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற அவமானத்தை ஒழிப்பது ஆகியவற்றோடு, துரைமாரும் கிராணிமாரும் தோட்டப் பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும் என்பதும் கோரிக்கையாக இருந்தது. பெண்ணின் மானத்தைப் பற்றிய கோரிக்கை போராட்டத்தைப் பிளக்கவில்லை. மாறாக, அதற்கு வலுச் சேர்த்தது. ஆனால் அதே பட்டியலில் ஒரு பெரிய இடைவெளியும் உண்டு. 1920களின் இறுதியில் நிர்ணயிக்கப்பட்ட தோட்டக்கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தப் பத்துக் காசு வித்தியாசம், இன்று நமக்குத் தெரியவரும் பட்டியலில் இடம்பெறவே இல்லை. பெண்கள் அந்தப் போராட்டத்தில் இருந்தார்கள். பட்டியலை எழுதிய கைகளில் அவர்கள் கை இல்லை.

இருபது ஆண்டுகளுக்குள் அந்தக் கை முன்வந்தது. 1943-இல் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படையில் பதின்ம வயதிலேயே சேர்ந்து பர்மா வரை சென்றவர் ராசம்மா பூபாலன். பின்னாளில் ஆசிரியரான அவர், 1960-இல் பெண் ஆசிரியர்களுக்கென்று தனித் தொழிற்சங்கம் அமைக்க முன்னின்றார். அன்றைய அரசுப் பணியில், ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைந்த சம்பளம். திருமணம் ஆனால் நிரந்தரப் பதவியும் போய்விடும். ஆசிரியர்களைப் பெண்கள் என்று பிரித்தால் பலம் குறையும் என்ற வாதம் எளிதாக எழக்கூடிய காலம். ஆனால் தனிச் சங்கம் அமைந்த பிறகுதான் சம சம்பளம் என்பது பட்டியலின் முதல் வரிக்கு வந்தது. 1963-இல் உருவான தேசிய மகளிர் அமைப்புகளின் மன்றமும் அதைக் கையில் எடுத்தது. 1960கள் முடிவதற்குள் அரசுப் பணியில் சம சம்பளம் நடைமுறைக்கு வந்தது. தனியே நின்றது ஒற்றுமையைக் குலைக்கவில்லை. மற்றவர்கள் எதன்மீது ஒன்றுபட வேண்டும் என்பதைத் தெளிவாக்கியது.

இந்தப் பாடம் முழுமையாகப் புலப்பட்டது 1985-இல். அந்த ஆண்டு ஐந்து அமைப்புகள் பெண்களுக்கெதிரான வன்முறையை எதிர்க்கும் கூட்டு நடவடிக்கைக் குழுவாகச் சேர்ந்தன: 1982-இல் அடைக்கல இல்லம் தொடங்கிய பெண்கள் உதவி அமைப்பு, பெண் வழக்கறிஞர் சங்கம், பல்கலைக்கழகப் பெண்கள் சங்கம், மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸின் மகளிர் பிரிவு, சிலாங்கூர்–கூட்டரசுப் பிரதேசப் பயனீட்டாளர் சங்கம். வழக்கறிஞரும் தொழிற்சங்கவாதியும் எல்லாவற்றிலும் ஒத்துப்போவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. குடும்ப வன்முறைக்கு ஒரு சட்டம் வேண்டும் என்பதில் மட்டும் அவர்கள் அசையவில்லை. குறுக்கே நின்றது மதம் சார்ந்த சட்டப் பிரிவினை. 1982-இல் நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டம் முஸ்லிம் அல்லாதாருக்கு ஒருதார மணத்தை உறுதிசெய்தது; முஸ்லிம்களின் குடும்ப விவகாரங்கள் ஷரியா வரம்பில் இருந்தன. வீட்டுக்குள் அடிபடும் பெண்ணுக்கும் அதேபோல இரண்டு சட்டங்களா என்ற கேள்வி வந்தபோது, எல்லாப் பெண்களுக்கும் ஒரே பாதுகாப்பு என்பதை இயக்கம் விட்டுக்கொடுக்கவில்லை. சிஸ்டர்ஸ் இன் இஸ்லாம் போன்ற அமைப்பு முஸ்லிம் பெண்கள் தரப்பிலிருந்தே அதற்காக வாதாடியது பேருதவியாயிற்று. குற்றவியல் சட்டத்தோடு இணைத்துப் படிக்கும் சட்டமாக 1994-இல் குடும்ப வன்முறைச் சட்டம் நிறைவேறி, 1996-இல் அமலுக்கு வந்தது. அந்த இணைப்பு ஒரு சமரசம்தான். குடும்ப வன்முறை தனிக் குற்றமாக வரையறுக்கப்படவில்லை என்ற குறை அதில் இருந்தது. ஆனாலும் எந்த மதத்துப் பெண்ணும் வெளியே நிறுத்தப்படவில்லை.

இந்தக் கூட்டுழைப்பு எளிய மனிதருக்கு என்ன தந்தது என்பதை அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பார்க்கலாம். 1990களில் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கி, இன்று சுங்கை பூலோ போன்ற பெரிய மருத்துவமனைகளிலும் இயங்கும் ஒருங்கிணைந்த உதவி மையத்தின் முறை இது: அடிபட்டு வரும் பெண்ணைக் கூட்டத்தில் காக்கவைக்காமல் தனியறைக்கு அழைத்துச் செல்வார்கள், மருத்துவர் அங்கேயே வந்து பார்ப்பார், போலீசும் சமூகநல அதிகாரியும் அவர் இருக்குமிடம் தேடி வருவார்கள். காயத்தோடு நாலு அலுவலகப் படி ஏற வேண்டியதில்லை. 2017-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, போலீஸ் புகார் இல்லாமலேயே சமூகநல அதிகாரி ஏழு நாள் அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்க முடிகிறது.

“தலைவர் என்று ஒருவர் இல்லாவிட்டால் யார் பொறுப்பேற்பது?” என்று கேட்கலாம். ஆட்சியாளர்களுக்கு ஒரு முகம் தேவைப்படுவது உண்மைதான். ஆனால் ஒரே முகத்தைக் குறிவைத்துத் தாக்குவதும் எளிது. 1991-இல் தெனாகனித்தா என்ற உரிமை அமைப்பை நிறுவிய ஐரின் பெர்னாண்டஸ், குடியேற்றத் தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பட்ட பாட்டை வெளியிட்டதற்காக 1996-இல் குற்றஞ்சாட்டப்பட்டார். 2003-இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை. மேல்முறையீட்டில் விடுதலையானது 2008-இல். பன்னிரண்டு ஆண்டுகள் வழக்கு இழுத்தும், 2014-இல் அவர் மறைந்தும் தெனாகனித்தா நிற்கவில்லை. பொறுப்பைத் தாங்கக்கூடிய பலரைத் தம்மைச் சுற்றி வளர்த்துவிட்டவரே நல்ல தலைவர்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. இந்த அமைப்புகளெல்லாம் ஆங்கிலம் பேசும் நகரத்துப் படித்த பெண்களுடையவை, தோட்டத்துப் பெண்ணுக்கு அங்கே இடமேது என்பதே அது. இதில் கணிசமான உண்மை இருக்கிறது. களைக்கொல்லி அடித்த பெண்களின் கதையே சாட்சி. 15, 18 லிட்டர் கொள்ளும் பம்பை முதுகில் சுமந்து, போதிய பாதுகாப்புக் கவசம் இல்லாமல் பாராகுவாட் அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களில் கணிசமானோர் தமிழர். நகம் கழன்றது, மூக்கில் ரத்தம் வந்தது, தோல் வெந்தது. இவற்றை அந்தப் பெண்களிடமே கேட்டுப் பதிவுசெய்து தெனாகனித்தா 2002-இல் அறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டு அரசு அந்த மருந்தைப் படிப்படியாகத் தடைசெய்வதாக அறிவித்தது. தோட்டத் தொழில்துறையின் எதிர்ப்புக்குப் பின் 2006-இல் தடை தளர்ந்தது. முழுத் தடை வந்தது 2020-இல்தான். மருந்தடித்தவர்களின் வாக்குமூலம் அறிக்கையில் ஏறியது. முடிவெடுக்கும் மேசையில் அவர்கள் ஏறவில்லை. இதற்குப் பரிகாரம், நகரத்து அமைப்புகளை ஒதுக்குவதோ எல்லாவற்றையும் ஒன்றாகக் கலைத்துப் போடுவதோ ஆகாது. தோட்டத்திலிருந்தும் தொழிற்சாலையிலிருந்தும் வரும் பெண், தமிழிலேயே பேசி, பட்டியலின் ஒரு வரியைத் தன் கையால் எழுத இடம் தர வேண்டும்.

“இனப் பிரச்சினையே இவ்வளவு இருக்க, பெண் பிரச்சினையைக் கிளப்பிச் சமூகத்தைப் பிளக்கலாமா?” என்பது நம்மிடையே அடிக்கடி எழும் மூன்றாவது வாதம். கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் 1941-இலேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள். கூலியையும் பெண்ணின் மானத்தையும் ஒரே தாளில் எழுதித்தான் துரைமார் முன் நின்றார்கள். பெண்ணின் குறையை வீட்டுக்குள் மூடிவைத்துக் காட்டும் ஒற்றுமை, பாதிச் சமூகத்தின் மௌனத்தில் நிற்பது. அது நெருக்கடியில் தாங்காது.

சுங்கை பூலோவிலும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கோயில் நிர்வாகக் குழு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கட்சி மகளிர் பிரிவு என்று பெண்கள் உழைக்கும் இடங்களுக்குக் குறைவில்லை. அவற்றை இணைக்கப் புதிதாக இன்னொரு பேரவை தேவையில்லை. குழந்தைக் காப்பகமோ, இரவு ஷிப்ட் முடிந்து வரும் பெண்ணுக்குப் பேருந்தோ, எதுவானாலும் அந்த வட்டாரப் பெண்களே தேர்ந்த ஒரே ஒரு கோரிக்கையை எல்லோரும் சேர்ந்து எடுங்கள், நிறைவேறும்வரை விடாதீர்கள். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் மனு எழுதப்படும்போது, தேநீர் பரிமாறுகிறவரிடம் பேனாவைக் கொடுங்கள்.