மாட்டோடது ஸ்வீட்... அம்மாவோடது வேஸ்ட்டா?

ஹாஸ்டல்ல சீம்பால் சாப்பிட்டிருக்கீங்களா? ஊர்ல மாடு கன்னு போட்டிருக்கும். லீவு முடிஞ்சு வர்ற ரூம்மேட், வெல்லம் ஏலக்காய் போட்டு ஆவியில வேகவெச்சதை ஒரு தூக்குல எடுத்துட்டு வருவான். அவன் பையை இறக்கி வைக்கிறதுக்குள்ள தூக்கு காலி!

அதே வீட்டுல அக்காவுக்குக் குழந்தை பிறக்குது. முதல் ரெண்டு, மூணு நாள் மஞ்சளா, கெட்டியா, கொஞ்சூண்டுதான் பால் வரும். 'அது கெட்ட பால், பீச்சிக் கீழே விட்டுடு. பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணி கொடு'ன்னு யாராவது ஒரு பெரியவங்க சொல்வாங்க. அந்த மஞ்சள் பாலும் சீம்பால்தான் பாஸ்! மாட்டோடது மட்டும் ஸ்வீட், மனுஷியோடது வேஸ்ட்டா?

கொஞ்சம் பயாலஜி பேசலாம். (பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் கிடையாது.) 1758-ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி லின்னேயஸ் நம்ம கூட்டத்துக்கு 'மம்மாலியா'ன்னு பேர் வெச்சார். லத்தீன்ல 'மம்மா'ன்னா மார்பு. உடம்புல முடி, காதுக்குள்ள மூணு குட்டி எலும்புன்னு வேற அடையாளங்களும் இருக்கு. ஆனா, பேர் கிடைச்சது பால் சுரப்பிக்குத்தான். அது ஆதியில வேர்வைச் சுரப்பி மாதிரியான ஒரு தோல் சுரப்பியிலிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸ் முட்டையும் போடும், பாலும் கொடுக்கும். ஆனா, காம்பே கிடையாது. வேர்வை மாதிரி தோல்ல கசியற பாலைக் குட்டி உறிஞ்சிக்கும்.

அந்தந்தக் குட்டிக்கு ஏத்த பால், அதான் விசேஷம். வட அட்லாண்டிக் பனிப்பாறை மேல குட்டி போடுற ஹூடட் சீல் நாலே நாள்தான் பால் கொடுக்கும். அதுல சுமார் 60 சதவீதம் கொழுப்பு! அந்த நாலு நாள்ல குட்டியோட எடை ரெண்டு மடங்கு ஆயிடும். கங்காரு இன்னும் கில்லாடி. பையில இருக்கிற குட்டிக்கு ஒரு காம்புல ஒரு வகைப் பால், வெளியே துள்ளுற மூத்ததுக்குப் பக்கத்துக் காம்புல வேற வகைப் பால். ஒரே நேரத்துல!

இப்போ அக்காகிட்ட வருவோம். மார்புக்குள்ள திராட்சைக் கொத்து மாதிரி நுண்ணிய பைகள். புரோலாக்டின் ஹார்மோன் அதுல பாலை ஊற வைக்கும். குழந்தை சப்பினதும் ஆக்ஸிடோசின் வந்து பையை இறுக்கிப் பாலை வெளியே தள்ளும். குழந்தை அழற சத்தம் கேட்டாலே சில அம்மாக்களுக்குப் பால் வந்துடும். மார்பு பெரிசா, சின்னதாங்கிறது பெரும்பாலும் கொழுப்போட சமாச்சாரம். பாலோட அளவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் புரோஜெஸ்டிரோன் குறையும். பால் நிறைய ஊற ரெண்டு, மூணு நாள் ஆகறது அதனாலதான். அதுவரைக்கும் சீம்பால். சில ஸ்பூன்தான் வரும். புதுசா பிறந்த குழந்தையோட குட்டி வயித்துக்கு அதுவே தாராளம். அதுல இருக்கிற நோய் எதிர்ப்புப் புரதங்கள் குடலின் உள்சுவர்ல பெயின்ட் அடிச்ச மாதிரி ஒட்டிக்கிட்டுக் கிருமிகளைத் தடுக்கும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள பால் கொடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றது இதுக்காகவும்தான்.

அந்த நேரத்துல 'பால் பத்தலை'ன்னு பவுடர் பாலைக் கொடுத்தா என்ன ஆகும்? வயிறு நிறைஞ்ச குழந்தை சப்பாது. சுரப்பி காலியாகாது. காலியானாத்தான் மறுபடி ஊறும். கடைசியில நிஜமாவே பால் குறைஞ்சிடும். (டாக்டரே வேற பால் கொடுக்கச் சொன்னா அது தனி கேஸ்.)

வளைகாப்பு முடிஞ்சு அக்கா வீட்டுக்கு வந்திருக்காங்களா? பாட்டிகிட்ட ஹார்மோன், புரதம்னு லெக்சர் அடிக்காதீங்க. கன்னுக்குட்டியைப் பத்திப் பேச்சை ஆரம்பிங்க. மாட்டுக்கு நஞ்சுக்கொடி வழியா எதிர்ப்பு சக்தி கன்னுக்குப் போகாது. முதல் நாளே சீம்பால் குடிச்சாத்தான் உண்டு. புரதம் பேர் தெரியாட்டியும், சீம்பால் குடிக்காத கன்னு தேறாதுங்கிறது மாடு வளர்த்த பாட்டிக்கு உங்களைவிட நல்லாத் தெரியும்.