வரப்போரப் புற்றில் ஒரு ராக்காவலாளி

செஞ்சி வட்டாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறைக் குன்றுதான். தளவானூரில் மகேந்திரவர்மப் பல்லவன் 7-ம் நூற்றாண்டில் கோயில் குடைந்ததும் அப்படியொரு குன்றில்தான். குன்றடியில் முட்புதர், அதையொட்டி மல்லாட்டைக் கொல்லை, வரப்போரத்தில் கரையான் புற்று. இப்படிப்பட்ட வறண்ட நிலம் ஒரு பல்லிக்கு ரொம்பவும் பிடித்த இடம். அதன் பெயரே கரையான் புற்றுப் பல்லி.

ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகும்போது டார்ச் வெளிச்சத்தில் இதை நீங்கள் பார்த்திருக்கலாம். புற்றின் பொந்திலிருந்து தலையோ வாலோ மட்டும் தெரிந்தால் பாம்புக்குட்டி என்றே தோன்றும். ‘விஷப் பல்லி’ என்று அடித்துப் போடுபவர்களும் உண்டு. உண்மையில் இதற்கு விஷமே கிடையாது. நம் நாட்டுப் பல்லிகளில் எதற்குமே கிடையாது.

வீட்டுப் பல்லியின் பங்காளி

1802-ல் பிரெஞ்சு விலங்கியலாளர் டோடான் இதை அறிவியல் உலகத்துக்கு அறிமுகம் செய்தார். ஹெமிடாக்டைலஸ் டிரைட்ரஸ் என்பது அறிவியல் பெயர். நம் சுவரில் ஓடும் பல்லியும் இதே ஹெமிடாக்டைலஸ் வகைதான். டிரைட்ரஸ் என்றால் மூன்று பட்டை கொண்டது என்று பொருள். முதுகு முழுக்க மூன்று பட்டையாகப் புடைத்த சிறு முண்டுகள் இருப்பதால் அந்தப் பெயர்.

வாலோடு சேர்த்து அளந்தாலும் ஒரு சாணுக்குள்தான் இருக்கும். உடம்பு தடித்தது. பழுப்பு நிறத்தின் மேல் வெள்ளை ஓரம் கட்டிய கரும்புள்ளிகளோ பட்டைகளோ இருக்கும். குட்டிகளுக்குப் பட்டை இன்னும் பளிச்சென்று தெரியும். பார்த்தவர்கள் பயப்படுவதும் அதனால்தான். கண்ணுக்கு இமை கிடையாது. தூசி விழுந்தால் நாக்கை நீட்டிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

பகலில் தூக்கம், இரவில் வேட்டை

பகல் முழுக்கப் புற்றுப் பொந்து, கல்லிடுக்கு, எலி வளை என்று எங்காவது ஒடுங்கிக் கிடக்கும். வெளியே வெயில் கொளுத்தினாலும் மண்ணுக்குள் சூடு குறைவு, ஈரமும் காக்கும். இருட்டியதும் வெளியே வந்து, ஒரே இடத்தில் அசையாமல் காத்திருந்து, பக்கத்தில் வரும் கரையான், பூரான், வண்டு, சிலந்தி ஆகியவற்றைப் பிடிக்கும். ஒரு தடவைக்கு இரண்டு முட்டை. கல்லடியிலோ மண்ணுக்குள்ளோ இட்டுவிட்டுப் போய்விடும். எதிரி பிடித்தால் வாலை உதறிவிட்டுத் தப்பிக்கும். அப்புறம் புது வால் முளைக்கும்.

இந்தப் பல்லி இருந்தால் மருந்தே வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் வலையன் சிலந்தி, தவளை, ஆந்தை மாதிரி இதுவும் கூலி வாங்காமல் பூச்சி பிடிக்கும் ஆள். இருக்க இடம் விட்டால் போதும்.

நீங்கள் செய்யக்கூடியவை

வரப்புப் புல்லுக்குத் தீ வைத்தால் பூச்சியைத் தின்பவையும் சேர்ந்து வேகும். அறுத்து மாட்டுக்குப் போடுங்கள். கொல்லையில் பொறுக்கிய கற்களை ஒரு மூலையில் குவித்து வைத்தால் அதுவே பல்லிக்கு வீடு.

புற்றைக் கண்டவுடன் மருந்து ஊற்ற வேண்டாம். அதன் ஓரத்தைக் கம்பால் லேசாகப் பெயர்த்துவிட்டு இரண்டொரு நாள் கழித்துப் பாருங்கள். ஈர மண் பூசி அடைத்திருந்தால் உள்ளே கரையான் இருக்கிறது. அப்படியே கிடந்தால் அது பெரும்பாலும் கைவிட்ட புற்று. அதில் மருந்து ஊற்றினால் காசும் நட்டம், உள்ளே ஒதுங்கிய உயிரும் சாகும்.

ஒரு எச்சரிக்கை. பல்லி இருக்கும் இடத்தில் சுருட்டை விரியனும் இருக்கலாம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்தார்கள் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் கிராமத்து மக்களே அதிகம். அதனால் பொந்துக்குள் கை விடாதீர்கள். கல்லைப் புரட்டக் கடப்பாறையோ கம்போ வேண்டும். ராத்திரியில் செருப்பும் டார்ச்சும் இல்லாமல் கொல்லைக்குப் போகாதீர்கள்.

வாசகர் கேள்விகள்

பல்லி விழுந்த சோற்றைச் சாப்பிடலாமா?

கூடாது. பல்லிக்கு விஷம் இல்லை என்றாலும் அதன் குடலிலும் எச்சத்திலும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். வாந்தி, பேதி வரும். சோற்றைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கொல்லையில் ஏதோ கடித்தது, பல்லியா பாம்பா என்று தெரியவில்லை. என்ன செய்வது?

பாம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடிபட்ட இடத்தை அறுக்காதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-க்குப் போன் செய்து, அரசு மருத்துவமனைக்கு உடனே போங்கள். கடித்ததைத் தேடிப் புற்றை வெட்டிக்கொண்டு நேரத்தைக் கடத்த வேண்டாம்.