ஒரு சிலிண்டர், ஒன்றரைக் குடம் தண்ணீர்

வீட்டில் ஒரு காஸ் சிலிண்டர் தீர்வதற்குள் சமையலறையில் சுமார் 22 லிட்டர் தண்ணீர் புதிதாகப் பிறந்திருக்கும். குழாயில் வந்த தண்ணீர் இல்லை, உலையில் கொதித்து ஆவியானதும் இல்லை. தீயே உண்டாக்கிய தண்ணீர். சிலிண்டரில் இருப்பவை புரொப்பேனும் பியூட்டேனும். இரண்டிலும் கார்பனோடு ஹைட்ரஜன் சேர்ந்திருக்கிறது. எரியும்போது அந்த ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி நீராவியாகிவிடுகிறது. ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர். 14.2 கிலோவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்றரைக் குடம் வரும்.

இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது? வடசென்னையில் காலடிப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் இதற்கு விடை சமையல்கட்டுச் சுவரில் இருக்கிறது. பெயிண்ட் அடித்த மூன்றாம் மாதமே பழுப்பாக ஊறி வரும் கறை, விரல் பட்டால் பொரிந்து கொட்டும் பூச்சு, மூலையில் கறுப்புப் பூசணம். ஓதம் என்பார்கள், தரையிலிருந்து ஏறுகிறது என்பார்கள். பல வீடுகளில் காரணம் தரையில் இல்லை, தலைக்கு மேலே இருக்கிறது. காஸ் அடுப்பு வந்ததும் இனி எதற்கு என்று செங்கல் வைத்து அடைத்துவிட்ட புகைக்கூண்டுதான் அது.

மதராஸ் கவர்னராக 1717 முதல் 1720 வரை இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியமர்த்தி உருவாக்கிய பேட்டைதான் காலடிப்பேட்டை. இங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோவிலும் அந்தக் காலத்து நினைவோடு சேர்ந்ததே. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வந்த பிறகு நெடுஞ்சாலை ஓரம் வேகமாக மாறிவருகிறது. உள்தெருக்களில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய வீடுகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. கடலோ நடக்கும் தூரம். இந்த வீடுகளைக் கட்டிய கொத்தனார்கள் விறகடுப்புக்கு நேர் மேலே கூரையைத் துளைத்து ஒரு கூண்டு எழுப்பி, நாலு குட்டித் தூண்கள் மேல் ஒரு பலகைக்கல்லைக் கவிழ்த்து, மழை இறங்காமல் புகை மட்டும் வெளியேற வழி செய்தார்கள். பார்க்க எளிய வேலைதான். ஆனால் அதற்குள் நடக்கிற இயற்பியல் நுட்பமானது.

சூடான காற்று விரிகிறது, விரிவதால் லேசாகிறது. வெளியே 30 டிகிரி காற்று கன மீட்டருக்கு 1.16 கிலோ இருக்கும். கூண்டுக்குள் 130 டிகிரியில் இருக்கும் புகை 0.88 கிலோதான். மூன்று மீட்டர் உயரக் கூண்டில் இந்த வேறுபாடு சுமார் எட்டரை பாஸ்கல் இழுவிசையைத் தரும். வளிமண்டல அழுத்தத்தோடு ஒப்பிட்டால் பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்கு. புகையை மேலே இழுப்பது இவ்வளவு மெல்லிய விசை! அதே கூண்டு 5 டிகிரி குளிரில் நிற்கும் லண்டன் வீட்டில் இருந்தால் பதினொன்றரை பாஸ்கல் கிடைக்கும். வெளிக்காற்று குளிரக் குளிர இழுப்பு கூடும். நம் ஊர்ப் புகைக்கூண்டு பிறப்பிலேயே கால் பங்கு பலம் குறைந்தது.

ஆகவே நம் கூண்டுக்கு அடைப்பைத் தாங்கும் சக்தியும் குறைவு. ஆறு அங்குல விட்டமுள்ள குழாயில் சுற்றிலும் ஓர் அங்குலம் கரி படிந்தால் நடுவில் நாலு அங்குலம்தான் திறந்திருக்கும். பரப்பளவில் பாதிக்கு மேல் போய்விட்டது. குளிர் நாட்டில் ஆண்டுக்கொரு தரம் சுத்தம் செய்தால் போதும் என்றால், கடலோர வெப்பத்தில் விறகு எரிக்கும் வீட்டில் அதைவிட அடிக்கடி செய்ய வேண்டும். குளிருக்குத்தான் சிம்னி, நமக்கு அதில் என்ன கவலை என்று நினைப்பது தலைகீழான நினைப்பு.

புகைக்கரி வெறும் கரித்தூள் இல்லை. விறகில் உள்ள ஹைட்ரஜன் எரிந்து உண்டாகும் தண்ணீரும் புகையோடு சேர்ந்தே ஏறுகிறது. ஒரு கிலோ உலர்ந்த விறகுக்கு அரை கிலோவுக்கு மேல் நீராவி. விறகு பச்சையாக இருந்தால் அதன் ஈரமும் கூடுதல். புகை மெதுவாக ஏறிக் கூண்டின் குளிர்ந்த சுவரைத் தொட்டதும் இந்த ஆவி நீராகி, அசிட்டிக் அமிலத்தையும் தாரையும் கூட்டிக்கொண்டு வழிகிறது. காய்ந்தபின் அது பளபளப்பான கறுப்புக் கீலாக இறுகிவிடும். இந்தக் கீல் தீப்பிடித்தால் வெப்பம் 1000 டிகிரி வரை போகக்கூடும். பச்சை விறகை அடுப்பில் வைக்காதே என்று பாட்டிமார் கண்டித்ததில் கண்ணெரிச்சலைத் தாண்டிய நியாயம் இருக்கிறது.

எண்ணூரின் மின் நிலையங்களுக்கும் இதே நோய் உண்டு. 1970-ல் ஓடத் தொடங்கி 2017-ல் மூடப்பட்ட எண்ணூர் அனல் மின் நிலையமானாலும், அதற்கு வடக்கே இன்றும் ஓடும் வடசென்னை நிலையமானாலும், நிலக்கரிப் புகையை மிகவும் குளிர விடுவதில்லை. நிலக்கரியில் உள்ள கந்தகம் எரிந்து உண்டாகும் வாயுக்களில் ஒரு பகுதி, புகை சுமார் 130 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நீராவியோடு சேர்ந்து கந்தக அமிலத் துளிகளாகிக் குழாயையே அரித்துவிடும். பயனுள்ள வெப்பம் வீணாகிறது என்று தெரிந்தும் சூட்டோடு வெளியேற்றுவது இதற்காகத்தான். அடுப்பங்கரைக் கூண்டுக்கும் வானளாவிய கூண்டுக்கும் விதி ஒன்றே: குளிர்ந்தால் வியர்க்கும், வியர்த்தால் அரிக்கும்.

விறகடுப்பு போய்விட்டது, கூண்டு ஓய்ந்துவிட்டது. ஆனால் அதன் செங்கல்லுக்குள் பல பத்தாண்டுப் புகை விட்டுச்சென்ற உப்புகள் அப்படியே இருக்கின்றன. விறகுச் சாம்பலிலிருந்து பொட்டாசியம் உப்புகள், சுண்ணாம்பும் கந்தகமும் கூடியதால் ஜிப்சம், இவற்றின் மேல் கடற்காற்று கொண்டுவந்த சாப்பாட்டு உப்பு. உப்புக்கு ஒரு விசித்திரமான எல்லைக்கோடு உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். கீழே இறங்கினால் மீண்டும் படிகமாகும். சென்னைக் கடற்கரையில் விடியற்காலை ஈரப்பதம் பல நாட்கள் அந்தக் கோட்டைத் தாண்டுகிறது, வெயில் ஏறினால் இறங்குகிறது. ஆக, கடலோரச் சுவருக்குள் நாள்தோறும் உப்பு கரைந்து உறைந்து கரைந்து உறைகிறது. ஒவ்வொரு முறை உறையும்போதும் படிகம் செங்கல்லின் நுண்துளைகளை உள்ளிருந்து நெம்புகிறது. சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட்டுக்கோ அந்த எல்லை 43 சதவீதம்தான். நம் ஊரில் அது காய்வதே இல்லை என்று சொல்லலாம். கூண்டு இருந்த இடத்தில் பழுப்புக் கறை எத்தனை கோட் பெயிண்டைத் தாண்டியும் வருவது இதனால்தான். மழை ஒழுகாத சுவரும் காற்றிலிருந்தே நனைந்துகொள்ளும்.

இப்போது அந்த ஒன்றரைக் குடத்துக்கு வருவோம். பத்துக்குப் பத்து அடிச் சமையலறை, உயரமும் பத்தடி. 30 டிகிரி வெப்பத்தில் அந்த அறைக் காற்று முழுக்கத் தாங்கக்கூடிய நீராவி 860 கிராம் அளவுக்குத்தான். காலையில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் மீதி இடம் 170 கிராம். ஒரு சிலிண்டர் 40 நாள் வருகிற வீட்டில் காஸ் மட்டும் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் நீரை வெளியிடுகிறது, சோற்றுக்கும் குழம்புக்கும் கொதிக்கிற ஆவி தனி. வெளியேற வழி இல்லையென்றால் அது போய்ச் சேருகிற இடம் சுவர்தான், அங்கே உப்பு காத்திருக்கிறது.

வழி மட்டும் திறந்திருந்தால் ஆவி தானே போய்விடும். ஈரக்காற்று கனமானது என்று புழுக்கத்தில் தவிக்கும் உடம்பு சொல்லும், ஆனால் உண்மை நேர்மாறு. நீர் மூலக்கூற்றின் எடை 18, நைட்ரஜனுக்கு 28, ஆக்சிஜனுக்கு 32. நீராவி புகுந்த இடத்தில் அதே எண்ணிக்கையில் கனமான மூலக்கூறுகள் விலகியாக வேண்டும். அதனால் ஒரே வெப்பநிலையில் ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது. அடுப்பின் சூடும் சேர்ந்தால் அது நேரே கூரைக்குத்தான் ஏறும். பழைய கூண்டு இருப்பது சரியாக அந்த இடத்தில். மின்விசிறியும் மின்சாரமும் இல்லாமல் வேலை செய்யும் ஒரு சாதனத்தைக் காசு கொடுத்து அடைக்கிறோமே என்று எனக்கு மனம் ஆறுவதில்லை.

1953-ல் ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, புகையில்லாத சமையலறையைப் பற்றி எழுதிய சிறு நூல் சென்னையில் கிறிஸ்தவ இலக்கிய சங்க வெளியீடாக வந்தது. கோடிக்கணக்கான ஏழைப் பெண்களின் கண்ணையும் நுரையீரலையும் காக்க அவர் சொன்ன வழி, அடுப்போடு சேர்ந்த புகைபோக்கி. 1983-84-ல் மத்திய அரசு அதையே தேசியத் திட்டமாக எடுத்து, 2002 வரை கோடிக்கணக்கில் மேம்பட்ட அடுப்புகளைக் கொடுத்தது. அவற்றில் ஏராளமானவை சில ஆண்டுகளில் கைவிடப்பட்டன. காரணங்களில் முக்கியமான ஒன்று: கரி அடைத்த குழாய்கள் சுத்தம் செய்யப்படாமல் கிடந்தன. பொருளைக் கொடுப்பதோடு கடமை முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் நம் நாட்டில் பல நல்ல காரியங்களைக் கெடுத்திருக்கிறது.

சுத்தம் செய்வதிலும் கவனம் வேண்டும். லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-லேயே, சிம்னிக்குள் ஏறிக் கரி சுரண்டிய சிறுவர்களுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வருவதைக் கண்டு எழுதினார். ஒரு தொழிலால் புற்றுநோய் வருகிறது என்று மருத்துவம் அறிந்த முதல் சம்பவம் அது. அந்தக் கொடுமையை அங்கே சட்டம் உறுதியாக ஒழிக்க 1875 ஆகிவிட்டது. புகைக்கரியைத் தொடுகிறவர் நல்ல முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை அணிய வேண்டும். அடுப்பு மேடையை ஈரச் சாக்கால் மூடிவிட்டு, தேங்காய் நாரைக் கட்டாகக் கட்டி, கயிற்றில் எடை தொங்கவிட்டு மாடியிலிருந்து மேலும் கீழுமாக இழுத்தால் கரி உதிரும். தண்ணீர் அடிக்கக் கூடாது, அடித்தால் அமிலமும் உப்பும் இன்னும் ஆழமாகச் செங்கல்லுக்குள் இறங்கும். கூண்டில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாய் இருந்தால் அதைச் சுரண்டவோ அறுக்கவோ வேண்டாம், அந்த இழை நுரையீரலுக்குக் கேடு. முழுசாகக் கழற்றச் சொல்லுங்கள்.

பழுதுபார்ப்பில்தான் பெரும்பாலான மேஸ்திரிகள் தவறுகிறார்கள். பொரிந்த இடத்தைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசிவிடுவார்கள். சிமெண்ட் கெட்டியானது, ஈரத்தை வெளியே விடாது. ஈரம் பக்கத்துச் சுவருக்கு நகர்ந்து, அடுத்த ஆண்டு அங்கே உப்பு பூக்கும். சுண்ணாம்புக்கு நுண்துளை அதிகம், ஆவி அதன் வழியே போய் வரும். காலத்தோடு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து அது மறுபடியும் கல்லாக மாறுகிறது. இந்த மாற்றம் நடக்க மெல்லிய நீர்ப்படலம் அவசியம், எலும்பாய் உலர்ந்த சுண்ணாம்பு கெட்டிப்படாது. நம் கடலோரத்தின் ஈரக்காற்று, நாம் ஓயாமல் குறை சொல்லும் அந்தக் காற்று, சுண்ணாம்பு இறுகத் துணை நிற்கிறது. செங்கல் தூள் சேர்த்தால் ஈரத்திலும் இறுகும் குணம் கூடுகிறது. இங்கிலாந்தில் பழைய சிம்னிகளின் உட்பக்கத்தைச் சுண்ணாம்போடு மாட்டுச்சாணம் கலந்து பூசினார்கள் என்பது நம் பாட்டிமார் கேட்டால் மகிழும் செய்தி.

கெட்ட பூச்சைச் செங்கல் தெரியும்வரை எடுத்து, சில வாரம் காயவிட்டு, பூக்கிற உப்பை ஈரம் தொடாமல் துலக்கித் தள்ள வேண்டும். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு உப்பில்லாத மணல். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். இரும்புப் பட்டை செருகியிருந்தால் நீக்கிவிடுங்கள். துருப்பிடித்த இரும்பு இரண்டு முதல் ஆறு மடங்கு வரை ஊதிச் செங்கல்லைப் பிளக்கும். கூண்டின் இடுக்கில் பறவை எச்சத்தால் முளைத்த அரசங்கன்றை வெட்டினால் தழைக்கும், வேரோடு எடுத்து அந்த இடத்தை உடனே காரையால் அடைக்க வேண்டும். கூண்டு மாடித் தளத்தைத் துளைத்து வரும் இடத்தைச் சுற்றிச் சரிவான காரை மடிப்பு வைப்பதை மறக்கக் கூடாது. மழைநீர் முதலில் இறங்குவது அங்கேதான்.

இப்போது எல்லோரும் வாங்கும் மின்சாரச் சிம்னி பற்றி ஒரு வார்த்தை. வெளியே குழாய் இல்லாத வகை, காற்றைக் கரி வடிகட்டி வழியே திருப்பி அறைக்குள்ளேயே விடுகிறது. வாசனை குறையும், நீராவி ஒரு துளியும் குறையாது. குழாயைப் பழைய கூண்டுக்குள் செலுத்துவதானால், பழைய கரியை முழுக்க எடுத்துவிட்டு எவர்சில்வர் குழாயை உள்ளே இறக்கிய பிறகே செய்யுங்கள். தாளிப்பு எண்ணெய்ப் புகை பழைய கீலின் மேல் படிவது தீக்கு விருந்து.

உங்கள் சமையலறைக் கூரையில் அடைத்த கூண்டு இருந்தால், அடுத்த முறை பெயிண்ட் அடிக்கும் முன் அதைத் திறந்து பாருங்கள். சுத்தம் செய்து, பறவை புகாமல் கம்பிவலை கட்டி, மேலே தொப்பியைச் சரிசெய்து, திறந்தே விடுங்கள். காரை வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் சுண்ணாம்பு இறுகுவதற்கு முன்பே காய்ந்துவிடும், ஐப்பசி மழையில் கரைந்துவிடும்.