வாசலில் கிடக்கும் வாயில்லாப் பிராணி

விக்கிரவாண்டியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் இல்லங்களைச் சந்திக்கச் செல்லுங்கால், நம்மை முதலில் எதிர்கொள்பவை நாய்களே. சில மாதங்களுக்கு முன் ஓர் இல்லத்தில், எப்போதும் குரைக்கும் கிழநாய் எழாமல் படுத்துக் கிடந்தது. "சோத்தை மோந்து பாத்துட்டுத் திரும்பிடுது சாமி, கொழுப்பு" என்றார் வீட்டுக்காரர். கறவை மாட்டைப் பார்க்க அங்கு வந்திருந்த கால்நடை மருத்துவர், நாயின் உதட்டை மெல்ல விலக்கிக் காட்டினார். ஈறுகள் சிவந்து வீங்கியிருந்தன. கடைவாய்ப் பற்களில் பழுப்புக் காரை படிந்திருந்தது. இரு பற்கள் ஆடின. பசி இருந்தும் மெல்ல இயலாமல் அப்பிராணி தவித்திருக்கிறது. அதற்கு நாம் இட்ட பெயர் கொழுப்பு!

மூன்று வயதைக் கடந்த நாய்களுள் பெரும்பாலானவற்றுக்கு இந்நோய் ஓரளவேனும் உண்டு. நுண்கிருமிகள் பல்லின்மீது மென்படலமாகப் படிய, உமிழ்நீரிலுள்ள சுண்ணச்சத்து அதனைச் சில நாள்களில் கல்லாக இறுகச் செய்கிறது. ஈறு புண்பட்டுப் பல்லைவிட்டு விலகுகிறது. பின்னர் பல்லைத் தாங்கும் எலும்பே கரைகிறது. தொடக்கத்தில் சுத்தம் செய்தால் ஈறு தேறும். கரைந்த எலும்போ மீளாது.

நாய் வாய் நாறத்தான் செய்யும் என்று ஒதுக்கிவிடலாகாது; அந்நாற்றமே முதல் அடையாளம். ஒருபக்கமாக மெல்லுதல், கடித்த பொருளில் இரத்தக்கறை, கண்ணுக்குக் கீழே வீக்கம் ஆகியவை அடுத்துத் தோன்றும். நலமான ஈறு இளஞ்சிவப்பாயிருக்கும். சில நாய்களுக்குப் பிறவியிலேயே கறுத்திருப்பதும் உண்டு. வெளிறிய ஈறு, உண்ணியாலோ கொக்கிப்புழுவாலோ வந்த இரத்தசோகையாக இருக்கலாம்.

நனைத்த மெல்லிய துணியை விரலில் சுற்றி, பல்லும் ஈறும் சேரும் விளிம்பை நாள்தோறும் துடைத்தல் நன்று. குட்டியிலேயே பழக்கினால் எளிது. நமது பற்பசை ஆகாது. நாய் துப்பாது, விழுங்கிவிடும். சில பற்பசைகளில் சேரும் சைலிட்டால் என்னும் இனிப்பு நாய்க்கு நஞ்சு. இறுகிய காரையை ஆணியால் சுரண்ட வேண்டாம். மருத்துவர் மயக்கமருந்து கொடுத்து நீக்குவார்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நாய் திடீரெனக் குணம் மாறி, தாடை தொங்கி, எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் நின்றால், 'எலும்பு சிக்கியிருக்கும்' என்று வாயில் கையை நுழைக்காதீர்கள். வெறிநோய் இவ்வாறு, சீற்றமே இன்றியும் வரும். கடித்தாலோ, புண்ணில் எச்சில் பட்டாலோ, சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடத் தவறாதீர்கள்.

அக்கிழநாயின் ஆடிய பற்கள் இரண்டும் பின்னர் பிடுங்கப்பட்டன. இப்போது குழைந்த சோறு உண்கிறது. சென்ற வாரம் நாம் போனபோது, வாசலிலேயே வழிமறித்துக் குரைத்தது.